வேலையைத் தெரிவு செய்யாதவர்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். சுவருக்குச் சுவர் கன்வென்ஷன் போஸ்டர் ஒட்டியிருக்கும். கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் ஒரு கையில் வேதாகமமும் மறு கையில் மைக்குமாக நிற்பார். பெயருக்கு முன்னால் 'தேவ ஊழியர்' என்று இருக்கும். எங்கள் ஊரில் ஒருவர் ஊழியத்துக்கு வந்துவிட்டார் என்றால், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் பிரசங்கம் பண்ணப் போய்விட்டார் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். நான் அப்படி எங்கும் போனவள் இல்லை. அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மேடை ஏறியதில்லை. ஜெபக்கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிக்கச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் கடவுளுக்கு வேலைக்காரியாக இருப்பதைப் பற்றி எனக்கும் சொல்ல ஒன்று உண்டு. அதை எனக்குக் கற்றுத் தந்தவர்களில் ஒருவர் படம்கூட எந்தச் சுவரிலும் ஒட்டப்பட்டதில்லை.

எங்கள் ஊர் நாசரேத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரம். செம்மணலும் பனையும் உடைமரமும்தான் ஊர். 1799இல் முதலூர் உண்டானதிலிருந்து இந்த வட்டாரத்தில் வேதத்துக்கு வந்தவர்களின் கிராமங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. எங்களுடையது அவற்றில் பிந்தியது, சிறியது. கோயில் ஒன்றுதான் கட்டடம் என்று சொல்லும்படி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். அப்பா அங்கே வாத்தியார். சேகரத்துப் போதகரான ஐயருக்குப் பல ஊர்கள் இருந்ததால் மாதம் ஒரு முறைதான் எங்களுக்கு நற்கருணை கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் கரும்பலகையைத் திருப்பிச் சுவரோரம் சாத்திவிட்டு அப்பாவே ஆராதனை நடத்துவார். அந்தக் காலத்துத் திருநெல்வேலிக் கிராமங்களில் வாத்தியார் பாதி உபதேசியார்தான்.

மணி அடிப்பதும் கோயிலைக் கூட்டுவதும் விளக்குத் துடைப்பதும் குழி தோண்டுவதும் கோயில்பிள்ளையின் வேலை. எங்கள் கோயில்பிள்ளை பனையேறுகிறவர். பதநீர்க் காலத்தில் விடியுமுன்னே மரம் ஏற வேண்டும். அதற்கும் முன்னால் வந்து மணி அடித்துவிட்டுப் போவார். ஆனி, ஆடியில் காற்று அடிக்கும்போது தேரி மணல் ஜன்னல் வழியாக, ஓட்டுச் சந்து வழியாக, எப்படியோ உள்ளே வந்துவிடும். சாயங்காலம் சுத்தமாக இருந்த தரையில் காலையில் கால் வைத்தால் புதையும். அவர் ஓலை விளக்குமாற்றால் பீடத்திலிருந்து வாசல்வரை கூட்டிக்கொண்டே வருவார். நான் சின்னப் பிள்ளை. பார்த்துக்கொண்டு நின்றவள் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"தாத்தா, நாளைக்கும் மணல் வந்துரும்லா, பின்ன எதுக்குக் கூட்டுதிய?"

"நாளைக்கி வாற மணலை நாளைக்கித்தானட்டி கூட்ட முடியும்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. அவருக்கு அடுத்த வேலை இருந்தது.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கீர்த்தனைகள் மட்டும் முழுசாகத் தெரியும். சம்பளம் என்று சபை கொடுத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் பணம், கொஞ்சம் அரிசி, கிறிஸ்துமஸுக்கு ஒரு வேட்டி. சாவு விழுந்தால் எந்த நேரமானாலும் அவரைத்தான் எழுப்புவார்கள். மணி அடித்துவிட்டு மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். செத்தவர் தமக்கு வேண்டியவரா, வேண்டாதவரா என்று பார்த்து அவர் குழி வெட்டியதில்லை. அவரிடம் கடன் வாங்கித் திருப்பித் தராத ஒருவருக்கும் அளவு குறையாமல்தான் வெட்டினார் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவுக்குப் பிடித்த வேதபகுதி லூக்கா பதினேழாம் அதிகாரத்தில் வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதை வைத்துப் பிரசங்கம் பண்ணிவிடுவார். வேலைக்காரன் ஒருவன் பகலெல்லாம் வயலில் உழுதுவிட்டு வீட்டுக்கு வருகிறான். எஜமான் அவனை உட்கார்ந்து சாப்பிடச் சொல்வதில்லை, எனக்குச் சாப்பாட்டை ஆயத்தம் செய் என்கிறான். அதற்காக நன்றியும் சொல்வதில்லை. இயேசு இந்தக் கதையைச் சீடர்களுக்குச் சொல்லி, நீங்களும் அப்படியே எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார். கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் கசப்பான கதை. அப்பா அதைச் சொல்லி முடித்து வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒருநாள் சொன்னாள்: "அது ஆம்பிளையளுக்குத்தான் புதுச் சேதி. காட்டுல வேலை பாத்துட்டு வந்து உலை வைக்கிறது எங்களுக்கு நித்தம் உள்ளதுதானே." அப்பா பதில் பேசவில்லை. அடுத்த வருஷப் பிரசங்கத்தில் அம்மா சொன்னதைச் சேர்த்துக்கொண்டார். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை.

அம்மாவின் ஊழியம் அடுப்படியில் இருந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். அதுதான் பிடி அரிசி. சனிக்கிழமை அம்மாவும் ஒரு சித்தியும் பெட்டியோடு வீடு வீடாகப் போய் அதைச் சேர்ப்பார்கள். நானும் கூடப் போவேன். அளந்து கொட்டும்போது அம்மா கலயத்துக்குள் எட்டிப் பார்க்கவே மாட்டாள், வேறெங்கோ பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். பஞ்ச மாசங்களில் சில கலயங்களில் அடியில் ஒட்டிக் கிடக்கும் அளவுக்குத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றுமே இல்லாத வீட்டிலும் பெட்டியை நீட்டி, ஒரு நிமிஷம் நின்று, "வாறேன் மயினி" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள் என்று அக்கம்பக்கம் பேசக் கூடாதாம்.

அப்படிச் சேர்ந்த அரிசியை ஏலம் விட்டுக் காசாக்குவார்கள். ஒரு பங்கு மிஷனரிச் சங்கத்துக்குப் போகும். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கியபோது, நம்முடைய காசில் நம்முடைய ஆட்களை அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். அதை முன்னின்று நடத்திய வேதநாயகம் சாமுவேல் அசரியா எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். சங்கம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பியது. பிறகு அசரியாவே அங்கே போனார். 1912இல் தோர்ணக்கலின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் என்று பெயர் பெற்றார். வரலாற்றில் அவர் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். அவரை அனுப்பிய சபைகளின் அடுப்படிக் கலயங்களுக்கு வரலாறு இல்லை. அம்மாவுக்குத் தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் நினைத்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. அரிசி சனிக்கிழமைக்குள் சேர வேண்டும். அவளுக்கு அதுதான் கவலை.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் என்னை ஒரு மிஷன் மருத்துவமனையில் நர்ஸிங் படிக்கச் சேர்த்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அன்று இரண்டே வழி, டீச்சர் அல்லது நர்ஸ். டீச்சர் டிரெய்னிங்கில் இடம் கிடைக்கவில்லை. கடவுள் என்னை அழைத்தார் என்று சாட்சி சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கிடைத்த இடத்துக்குப் போனேன். முதல் மாதங்களில் பெட்பேன் எடுப்பதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும்தான் வேலை. வாந்தியைத் துடைத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போனால் சோறு இறங்காது. உடன் படித்த பிள்ளைகளில் சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

விடுதி நூலகத்தில் அப்போதுதான் ஏமி கார்மைக்கேலின் கதையைப் படித்தேன். அவர் வாழ்ந்த டோனாவூர் அன்றைக்கு எங்கள் ஜில்லாவில்தான் இருந்தது, பெயர் முன்பே தெரியும். தெரியாமல் இருந்தது அவர் எதை விட்டுவிட்டு அந்த வேலைக்கு வந்தார் என்பது. அயர்லாந்துக்காரரான அந்த அம்மா 1895இல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ் படித்தார். தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார். அதில் அவருக்கு நல்ல தேர்ச்சியும் விருப்பமும் இருந்தன. 1901 மார்ச்சில் அவர் பண்ணைவிளையில் இருந்தபோது, இந்துக் கோயிலுக்குத் தேவதாசியாக ஒப்புக்கொடுக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகள் வந்தார்கள், கைக்குழந்தைகளும் வந்தார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வண்டி கட்ட முடியாது. பிரசங்கத்துக்கு வந்தவர் பால் புகட்டவும் நகம் வெட்டவும் உட்கார்ந்துவிட்டார். இதற்காகவா வந்தேன் என்ற கேள்வி அவருக்கும் இருந்திருக்கிறது. சீடர்களின் கால்களைக் கழுவத் துண்டைக் கட்டிக்கொண்ட ஆண்டவரை நினைத்து அதற்குப் பதில் தேடிக்கொண்டார். ஊருக்குத் திரும்பவே இல்லை. 1931இல் கீழே விழுந்து அடிபட்டு, பெரும்பாலும் அறையிலேயே கிடந்து, 1951இல் டோனாவூரிலேயே இறந்தார். அவர் கல்லறையில் நினைவுக்கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

படித்த அன்றிரவு எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் கோயில்பிள்ளை செத்தவர் யாரென்று பார்க்காமல் குழி வெட்டினார், அம்மா காலிக் கலயத்தின் முன்னாலும் நின்றாள், அந்த வெள்ளைக்கார அம்மா பிடித்த வேலையைக் கீழே வைத்துவிட்டு வந்த வேலையை எடுத்தார். மூவரும் வேலையைத் தாங்களாகத் தெரிவு செய்யவில்லை. வேலைக்காரர் என்றால் அவ்வளவுதான். நமக்குப் பிடித்த வேலையை, நமக்குத் திறமையும் பேரும் உள்ள வேலையைக் கடவுளுக்குச் செய்கிறோம் என்பது நல்ல காரியம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது விருந்தாளியாக வந்தவர் சமையல்கட்டில் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவதைப் போல. வீட்டு வேலைக்காரருக்கு வேறு கணக்கு.

பிறகு அரசு வேலை கிடைத்தது. பல ஊர்கள், பல வார்டுகள். அங்கே என் விசுவாசத்தைக் காட்ட நான் எதுவும் செய்யவில்லை. வார்டில் பிரசங்கம் பண்ணுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். படுக்கையில் கிடப்பவர் எழுந்து போக முடியாது. எழுந்து போக முடியாதவரிடம் பேசுவது உபதேசம் ஆகாது. ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டவர்களுக்குப் பண்ணினேன். கேட்காதவர்களுக்கு மனசுக்குள்.

ஆனால் வேறு இடங்களில் பரீட்சை வந்தது. ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில், பிறந்த பிள்ளையைச் சொந்தக்காரர்களிடம் காட்டக் காசு வாங்குவார்கள். ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதில் பாதி. சாயங்காலம் பங்கு பிரியும். எனக்கு வேண்டாம் என்றேன். பங்கு வேண்டாம் என்பவள் வாங்குகிற எல்லாருக்கும் இடைஞ்சல். கொஞ்ச நாளில் இரவு டியூட்டி எனக்கே அதிகமாக விழுந்தது. வேதாகமம் வாசிப்பவள் என்பதற்காக 'மாதா சிஸ்டர்' என்று கேலிப் பெயரும் வைத்தார்கள். நான் சி.எஸ்.ஐ., மாதா கோயில்காரி இல்லை என்று விளக்கிப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஞாயிறு டியூட்டி இன்னொரு சங்கடம். வார்டில் டிரெஸ்ஸிங் கட்டிக்கொண்டிருக்கும்போது ஊர்க்கோயில் இரண்டாம் மணி கேட்கும். ஆரம்பத்தில் மனசு அடித்துக்கொள்ளும். போகப்போக அந்த மணிச் சத்தத்தில் கட்டுப் பிரித்துப் புண் கழுவுவதும் ஆராதனையின் ஒரு பகுதியாகத்தான் தோன்றியது. கிறிஸ்துமஸ் அன்று எங்களுக்கு விடுப்புக் கிடைக்க இந்து சிஸ்டர்கள் டியூட்டி பார்ப்பார்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாங்கள் பார்ப்போம். ரம்ஜானுக்கு எல்லாரும் சேர்ந்து ஒருவருக்காகப் பார்ப்போம். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத ஏற்பாடு அது.

ஆண்கள் வார்டில் ஒரு தடவை விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். பேச்சு இல்லை, பெயர் தெரியவில்லை, தேடிவர யாரும் இல்லை. கேஸ் ஷீட்டில் 'பெயர் தெரியாத ஆண்' என்று இருந்தது. இப்படிக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வந்து எலும்பு தெரியும். வீட்டார் உடனிருந்தால் அவர்கள் கை கொடுப்பார்கள். இவருக்கு நானும் வார்டு ஆயாவும்தான். அந்த ஆயா சபரிமலைக்கும் மேல்மருவத்தூருக்கும் மாலை போடும் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிள்ளைகளைக் காட்டிக் காசு வாங்கும் கூட்டத்திலும் ஒரு காலத்தில் இருந்தவர்தான். ஆனால் இந்த மனிதரை அவர் தன் டியூட்டி முடிந்த பிறகும் ஒரு தடவை புரட்டிப் போட்டு, துடைத்து, பவுடர் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். "உங்களுக்கு யாரும் சொன்னாங்களா?" என்று கேட்டேன். "யாராச்சும் செய்யணும்லா சிஸ்டர்" என்றார்.

அந்த மனிதர் பிழைக்கவில்லை. போலீஸுக்குத் தகவல் எழுதிவிட்டு, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கைகால்களை நேராக்கினோம். ஆயா முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினார். பிறகு என்னைப் பார்த்து, "யாருன்னு தெரியாது. நீங்களும் உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க சிஸ்டர்" என்றார். சொன்னேன். அதற்குப் பின் ஸ்ட்ரெச்சர் வந்தது. அடுத்த படுக்கையில் டிரிப் முடிந்து கூப்பிட்டார்கள், போனேன். ஊழியம் கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து என்ற எண்ணம் எனக்குள் ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அன்றைக்கு அது போய்விட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலைக்காரனைப் பற்றிய அந்தக் கதையைத் தனக்குச் சொல்லிக்கொண்டால் மருந்து, அடுத்தவருக்குச் சொன்னால் சாட்டை. நான் படித்த காலத்தில் சம்பள உயர்வு கேட்ட நர்ஸுகளிடம், இது வேலை அல்ல, ஊழியம் என்று கமிட்டியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் காரில் வந்து இறங்கியவர்கள். எங்கள் கோயில்பிள்ளைக்கு வயதாகி மரம் ஏற முடியாமல் போனபோது, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சபை அவரைக் கைகழுவியது. கர்த்தர் பார்த்துக்கொள்வது என்பது பெரும்பாலும் அம்மாவின் பிடி அரிசிப் பெட்டி வழியாகத்தான் நடந்தது. கடவுளுக்கு வேலைக்காரராக இருப்பவர் மனிதருக்கு அடிமையாக இருக்க வேண்டும் என்று வேதம் சொல்லவில்லை. கூலியைப் பிடித்து வைக்கிறவர்களைப் பற்றி யாக்கோபு எழுதியிருப்பதை நம்முடைய பீடங்களில் அவ்வளவாக வாசிக்கிறோமா என்பதும் எனக்குச் சந்தேகம்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது கோயிலைப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். கிரானைட் தரை, கண்ணாடி ஜன்னல், மணல் அவ்வளவாக வருவதில்லை. சபைத் தேர்தல் வந்தால் அணி பிரிகிறது, போஸ்டர் ஒட்டுகிறார்கள், வண்டி வைத்து ஆள் கூட்டுகிறார்கள். ஜெயித்தவர்கள் ஸ்தோத்திரக் கூட்டம் போட்டுத் தங்களை ஊழியக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை அசனப் பண்டிகை நடக்கிறது. ஊரே ஒன்றாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுகிறது. பரிமாற இளைஞர்கள் போட்டி போடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், நல்ல காரியம். சாயங்காலம் அண்டாக்களைக் கழுவும்போது போய்ப் பார்த்தால் நாலைந்து கிழவிகள்தான் இருப்போம்.

அதனால் வாசிக்கிறவர்களிடம் இரண்டு காரியம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சபையில் கூட்டிப் பெருக்கி மணி அடிக்கிறவருக்கு என்ன சம்பளம், முதுமைக்கு என்ன ஏற்பாடு என்று அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மறுபடியும் கேளுங்கள். பிறகு அவருக்கு ஒரு ஞாயிறு விடுப்புக் கொடுத்துவிட்டு விளக்குமாற்றை நீங்கள் எடுங்கள். ஆனால் போட்டோ வேண்டாம்.